புரூக்வுட்டில் டாடா குடும்பக் கல்லறைகள்: ஜாம்ஷெட்பூர் வரலாற்றின் தொலைவில் கிடக்கும் பக்கம்

டாடா தொழில் குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா ஜாம்ஷெட்பூரைப் பார்த்ததே இல்லை. 1904 மே 19 அன்று ஜெர்மனியின் பாட் நாவ்ஹைம் என்ற ஊரில் அவர் கண்மூடியபோது அந்த நகரத்துக்கு இடம்கூடக் குறிக்கப்படவில்லை. எஃகு ஆலை வெறும் திட்டமாகத்தான் இருந்தது. எந்த மலையிலிருந்து இரும்புத் தாது எடுப்பது என்பதே முடிவாகாத நேரம். உடல் பம்பாய்க்குத் திரும்பவில்லை. லண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் நகருக்குப் பக்கத்தில் உள்ள புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில், ஜொராஸ்ட்ரிய சமயத்தவரான பார்சிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு இளைய மகன் ரத்தன்ஜி 1918-இலும், மூத்த மருமகள் மெஹர்பாய் 1931-இலும், மூத்த மகன் தோராப்ஜி 1932-இலும் அதே நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாடாக்களின் கதையைச் சொல்லும்போது இந்த இடம் கடைசி வரியில் வந்துபோகும். "இங்கிலாந்தில் அடக்கம் செய்யப்பட்டார்" என்பதோடு சரி. எனக்கு அது போதவில்லை. இந்த நான்கு மரணங்களின் ஆண்டுகளை எடுத்து ஜாம்ஷெட்பூரின் வளர்ச்சியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நகரத்தின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கல் அங்கே நிற்கிறது. ஊர் தோன்றுவதற்கு முன், ஊருக்குப் பெயர் வைப்பதற்கு முன், ஊர் திவாலின் விளிம்பிலிருந்து மீண்ட பின். ஆகவே இதை ஜாம்ஷெட்பூர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே வைத்து ஆராய வேண்டும் என்பது என் வாதம்.

அந்த நிலம் எப்படி வந்தது

புரூக்வுட் தோன்றியதே ஒரு நெருக்கடியில்தான். 1850-களின் தொடக்கத்தில் லண்டனின் மக்கள்தொகை 23 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இறந்தவர்களைப் புதைக்க இருந்ததோ பழைய தேவாலய வளாகங்கள் மட்டும். ஒரு குழியின் மேல் இன்னொரு குழி என்று தோண்டிக்கொண்டே போனார்கள். 1848-49 காலராவில் மட்டும் லண்டனில் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்துக்குள் இனி இடமில்லை என்று ஆனபிறகு, 1852-இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி உருவானது. வோக்கிங் பகுதியில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பொட்டல் நிலத்தை அது வாங்கிப்போட்டது. 1854 நவம்பரில் கல்லறைத் தோட்டம் திறந்தது.

சவங்களைக் கொண்டுபோக வாட்டர்லூவுக்கு அருகிலிருந்து தனி ரயிலே ஓடியது. தோட்டத்துக்குள் இரண்டு நிலையங்கள்: ஒன்று ஆங்கிலிக்க சபையினருக்கு, இன்னொன்று மற்ற எல்லோருக்கும். உயிரோடு இருப்பவர்களுக்குப் போலவே சவப்பெட்டிக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. அழுதுகொண்டு வருகிறவர்களுக்குப் போக வர டிக்கெட்; பெட்டிக்குப் போக மட்டும். 1941 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் முனையத்தைக் குண்டுபோட்டு அழிக்கும்வரை இந்த ஏற்பாடு இருந்தது.

கம்பெனி நிலத்தை வியாபாரமாகத்தான் பார்த்தது. அதில் ஒரு நன்மையும் இருந்தது. சபைகள், சங்கங்கள், சமயக் குழுக்கள் யாராக இருந்தாலும் தங்களுக்கென்று ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். 1861-இல் லண்டனில் இருந்த சில பார்சி வணிகர்கள் சேர்ந்து ஒரு ஜொராஸ்ட்ரிய நிதியத்தைத் தொடங்கினார்கள். தாதாபாய் நவ்ரோஜியும் அதில் முன்னின்றவர். அடுத்த ஆண்டே, 1862-இல், அந்த நிதியம் செய்த முதல் காரியங்களில் ஒன்று புரூக்வுட்டில் அடக்க நிலம் வாங்கியது. தொழ ஒரு கோவில் கட்டுவதற்கு முன்பே சாவதற்கு ஒரு இடம் தேடிக்கொண்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் மற்றதெல்லாம் தள்ளிப்போடலாம். இது மட்டும் தள்ளிப்போட முடியாது.

பம்பாயில் இறந்திருந்தால் கல்லறையே இல்லை

இந்த வாதத்தில் மிக முக்கியமான புள்ளி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பார்சிகள் மரபாக இறந்தவரை எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை. நெருப்பும் மண்ணும் நீரும் தூயவை; பிணத்தால் அவற்றைத் தீட்டாக்கக் கூடாது. அதனால் தக்மா என்னும் வட்ட வடிவக் கட்டடத்தின் மேல்தளத்தில், திறந்த வானத்தின் கீழ் உடலைக் கிடத்துவார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் தம் வேலையைச் செய்யும். வெயிலில் காய்ந்த எலும்புகள் நடுவில் உள்ள கிணறு போன்ற குழிக்குள் போய்ச் சேரும். பணக்காரர் எலும்பும் ஏழை எலும்பும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். பெயர் பொறித்த கல் கிடையாது, மண்டபம் கிடையாது, மாலை போட ஓர் இடம் கிடையாது.

அப்படியென்றால், ஜாம்ஷெட்ஜி பம்பாயில் இறந்திருந்தால் தக்மாக்கள் உள்ள மலபார் குன்றின் டூங்கர்வாடிக்குப் போயிருப்பார். போய்க் காண ஒரு கல்லறை இன்று இருந்திருக்காது. அவருக்கு ஒரு கல்லறை இருப்பதற்குக் காரணமே அவர் ஐரோப்பாவில் இறந்ததுதான்.

தக்மா இல்லாத ஊர்களில் பார்சிகள் ஆராம்கா என்னும் அடக்க நிலத்தை வைத்துக்கொள்வார்கள். எண்ணிக்கையில் குறைந்த சமூகம் வெளியூரில் படுகிற பாடு நமக்குத் தெரியாததல்ல. சென்னை ராயபுரத்தில் 1910-இல் எழுந்த பார்சி அக்னிக் கோவிலின் பின்னணியே அப்படிப்பட்ட ஒரு துக்கம். பீரோஜ் கிளப்வாலாவின் மகன் ஜால் இறந்தபோது சடங்கு செய்யச் சென்னையில் ஒரு பார்சிக் குருகூட இல்லை. அந்த வலியில் அவர் கட்டியதுதான் அந்தக் கோவில். இன்றும் அந்தப் பையன் பெயரில்தான் இருக்கிறது.

புரூக்வுட்டில் டாடாக்கள் வெறும் மண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கல்லில் மண்டபம் எழுப்பினார்கள். இங்கிலாந்து மோகத்தில் செய்தது என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய பாரசீக மன்னர்களின் நினைவிடங்களும் கல்தான். பசர்காதேயில் சைரஸின் கல்லறை மேடை மேல் நிற்கிறது. நக்ஷ்-இ-ருஸ்தமில் மலையைக் குடைந்து மன்னர்களை வைத்திருக்கிறார்கள். உடலுக்கும் மண்ணுக்கும் நடுவே கல் இருந்தால் மண் தீட்டாகாது என்ற எண்ணத்துக்கும் இது ஒத்துவருகிறது. தக்மா கைக்கெட்டாத இடத்தில் இன்னும் பழைய ஒரு வழக்கத்தைக் கையில் எடுத்தார்கள் என்று நான் படிக்கிறேன்.

1904: ஊர் பிறப்பதற்கு முன்

முதல் கல்லறைக்கு உரியவர் கடைசி ஆண்டுகளில் ஊர் கட்டும் வேலையைத்தான் மனதுக்குள் செய்துகொண்டிருந்தார். 1902-இல் வெளிநாட்டிலிருந்து மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம் ஜாம்ஷெட்பூரில் எல்லோரும் அறிந்தது. தெருக்கள் அகலமாக இருக்கட்டும், நிழல்தரும் மரங்களை நடு, ஒன்றுவிட்டு ஒன்று சீக்கிரம் வளரும் மரமாக இருக்கட்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் தாராளமாக இடம் விடு, கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பூங்காவுக்கும் பெரிய மைதானம் ஒதுக்கு, இந்துக் கோவிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம் குறித்துவை என்கிறார். அந்த "ஒன்றுவிட்டு ஒன்று" என்ற விவரத்தில்தான் என் மனம் நிற்கிறது. மெல்ல வளரும் மரம் பேரப்பிள்ளைகளுக்கு. வேகமாக வளரும் மரம் இப்போது வேலைக்கு நடந்துபோகிறவனுக்கு. ஆலைக்கு நிலமே இல்லாதபோது நிழலைப் பற்றி யோசித்திருக்கிறார்.

1904 பிப்ரவரி 24 அன்று புவியியலாளர் பி. என். போஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமகிசானி மலையில் நல்ல இரும்புத் தாது இருக்கிறது என்பது செய்தி. அதற்குள் ஜாம்ஷெட்ஜியின் உடல்நிலை மோசமாகியிருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார். தோராப்ஜியும் அமெரிக்கப் புவியியலாளர் சி. எம். வெல்டும் மாட்டு வண்டியில் காடு மேடு சுற்றி அலைந்த அலைச்சல் எல்லாம் கடைசியில் அந்த மலையில்தான் போய் முடிந்தது.

அப்புறம் பணம். லண்டன் சந்தையில் முதலீடு திரட்டப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சுதேசி அலை வீசிய 1907-இல் இந்தியர்களிடமே கேட்டார்கள். மூன்று வாரத்தில் சுமார் 8,000 பேர் சேர்ந்து முழு மூலதனத்தையும், ஏறக்குறைய 2 கோடியே 32 லட்சம் ரூபாயை, கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று டிஸ்கோ என்னும் டாடா இரும்பு எஃகு நிறுவனம் (இன்றைய டாடா ஸ்டீல்) பதிவானது. சுவர்ணரேகாவும் கர்காயும் கூடும் இடத்துக்கு அருகில், சாக்சி என்னும் சிற்றூரில் 1908-இல் வேலை தொடங்கியது. 1911 டிசம்பரில் முதல் இரும்பு, 1912 பிப்ரவரியில் முதல் எஃகு. இத்தனைக்கும் தொடக்கப்புள்ளியான மனிதர் அப்போது எட்டு ஆண்டாகப் புரூக்வுட்டில்.

1918: பெயருக்கு நான்கு மாதம் முன்

இளைய மகன் சர் ரத்தன்ஜி டாடா 1918 செப்டம்பர் 5 அன்று கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் காலமானார். தந்தைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த இரண்டாவது அடக்கத்தோடுதான் அது "குடும்ப" இடம் ஆகிறது. முதலாவது மரணம் நடந்த இடத்தைப் பார்த்து எடுத்த முடிவு. இரண்டாவது, அப்பாவோடு இருக்கட்டும் என்று எடுத்த முடிவு.

ரத்தன்ஜியைத் தொழிலதிபர் என்பதைவிடக் கொடையாளர் என்றே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்துக்கு அவர் தவணை தவணையாகக் கொடுத்தது மொத்தம் 1,25,000 ரூபாய். கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பத்து ஆண்டுகள். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் வறுமையை ஆராய ஒரு பிரிவு. பாடலிபுத்திர அகழாய்வுக்கும் அவர்தான் பணம் கொடுத்தார். மௌரியர் காலத்துத் தூண் மண்டபம் வெளிப்பட்டது அந்தத் தோண்டலில்தான். அவர் சேர்த்த கலைப்பொருட்கள் மும்பை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அவர் இறந்த ஆண்டு முதல் உலகப் போர் முடிந்த ஆண்டு. போரின்போது டிஸ்கோ மெசபடோமியாவுக்கும் எகிப்துக்கும் பிற போர்முனைகளுக்கும் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் தண்டவாளம் செய்து கொடுத்திருந்தது. இந்தியர்கள் தரமான தண்டவாளம் செய்தால் அதில் ஒவ்வொரு பவுண்டையும் நானே தின்கிறேன் என்று ரயில்வே தலைமை ஆணையர் சர் பிரெடெரிக் அப்காட் முன்பு சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ஏளனத்துக்குப் போர் பதில் சொல்லிவிட்டது. 1919 ஜனவரி 2 அன்று வைஸ்ராய் செம்ஸ்போர்டு சாக்சிக்கு வந்து, அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி ரயில் நிலையம் டாடாநகர் ஆனது. அப்பாவின் பெயர் ஊருக்கு வந்ததை இளைய மகன் பார்க்கவில்லை. இடையில் நான்கே மாதம்.

1931, 1932: வைரமும் இரண்டு கல்லறைகளும்

மெஹர்பாய் டாடாவை "தோராப்ஜியின் மனைவி" என்று ஒரு வரியில் முடிப்பது அநியாயம். மைசூரில் கல்வித்துறைத் தலைவராக இருந்த ஹெச். ஜே. பாபாவின் மகள், அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு அத்தை. புடவை கட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடி, 1924 பாரிஸ் ஒலிம்பிக் கலப்பு இரட்டையரில் முகமது சலீமோடு இந்தியாவுக்காகப் பெயர் கொடுத்தவர். குழந்தை மணத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்.

அதே 1924-இல்தான் ஜாம்ஷெட்பூர் மூழ்கப் பார்த்தது. போர்க்காலத்தில் தொடங்கிய பெரிய விரிவாக்கத்துக்குச் செலவு கட்டுக்கடங்காமல் போனது. ஐரோப்பாவிலிருந்து மலிவு எஃகு வந்து குவிந்தது. 1923 நிலநடுக்கத்தில் ஜப்பான் நொறுங்கியதால், வார்ப்பிரும்பு வாங்கிய பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார். ஒரு கட்டத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போடப் பணம் இல்லை. தோராப்ஜி தன் சொந்தச் சொத்து ஏறக்குறைய ஒரு கோடி ரூபாயை இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்துக் கடன் வாங்கினார். அந்த ஈட்டில் மனைவியின் நகைகளும் இருந்தன. கோகினூரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள, 245 காரட் ஜூபிலி வைரமும் இருந்தது. ஊர் பிழைத்தது. கடன் அடைந்தது. வைரமும் திரும்பி வந்தது.

1931 ஜூனில், வட வேல்ஸில், ரத்தப் புற்றுநோயால் மெஹர்பாய் இறந்தார். வயது 51. புரூக்வுட்டில் மாமனார் இருக்கும் நிலத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1932-இல் தோராப்ஜி ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று மனைவி பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்தார். தன் பெயரிலும் ஓர் அறக்கட்டளை எழுதி, தன் சொத்து முழுவதையும் அந்த வைரத்தோடு சேர்த்து அதில் போட்டார். பிறகு, மனைவி இறந்து ஓராண்டு ஆகப்போகிறதென்று, கல்லறையைப் பார்க்கக் கப்பலேறினார். வழியில் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கனில், ஜூன் 3 அன்று, இறந்துபோனார். கல்லறையைப் பார்க்கப் புறப்பட்டவரை மனைவியின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

இதோடு நேர்வாரிசுகளின் வரிசை நின்றுவிடுகிறது. ரத்தன்ஜிக்கும் பிள்ளை இல்லை. அவருடைய சொத்தும் 1919-இல் அறக்கட்டளையாகியிருந்தது. பொதுவாகக் குடும்பக் கல்லறைத் தோட்டம் தலைமுறை தலைமுறையாக நீளும். சொத்தும் அதே வழியில் நடக்கும். இங்கே கல்லறை வரிசை 1932-இல் முடிய, சொத்து பக்கவாட்டில் திரும்பிப் பொதுக் காரியத்துக்குப் போய்விட்டது. டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகளில் சுமார் 66 சதவீதம் இன்று டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. இந்த விசித்திரமான உடைமை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் புரூக்வுட்டைக் காட்டுவேன். வேர் அந்த இரண்டு சகோதரர்களிடம் இருக்கிறது. மும்பை டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் இங்கிருந்துதான் வழி போகிறது.

குடும்பத்தின் இன்னொரு கிளை பாரிஸில் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜியின் உறவினரும் தொழில் பங்காளியுமான ஆர். டி. டாடாவும், அவர் மகன் ஜே. ஆர். டி. டாடாவும் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில். ஜே. ஆர். டி. ஜெனீவாவில் இறந்தது 1993-இல். அந்த இடத்துக்குத் தனி ஆய்வு தேவை, இங்கே நீட்டவில்லை.

மற்ற ஊர்களில்

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்தில் யார்க்ஷயரின் சால்டேர் நல்ல எடுத்துக்காட்டு. டைட்டஸ் சால்ட் 1853-இல் கம்பளி ஆலையைத் திறந்து, அதைச் சுற்றி வீடுகளும் மருத்துவமனையும் பள்ளியும் கட்டி, ஊருக்குத் தன் பெயரின் பாதியைக் கொடுத்தவர். ஆலைக்கு எதிரே தேவாலயம். தேவாலயத்தோடு ஒட்டிக் குடும்பக் கல்லறை மண்டபம். 1876 டிசம்பரில் இறந்தவர் அங்கேதான் இருக்கிறார். வேலைக்குப் போகிற தொழிலாளி தினமும் முதலாளியின் கல்லறைக்கு முன்னால் நடந்துபோனான். ஜெர்மனியின் எஸ்ஸனில் எஃகு ஆலை நடத்திய க்ரூப் குடும்பத்தின் கதை வேறு மாதிரி. ஊர் பெருக்கப் பெருக்கக் கல்லறைகள் இடைஞ்சலாகி, 1950-களில் ப்ரெடெனி என்ற பகுதிக்கு மாற்றப்பட்டன. நிறுவனர் கட்டிய தொழில் நகரமே நிறுவனரை நகர்த்திவிட்டது. அமெரிக்காவின் டெலவேரில் டு பான்ட் குடும்பம் 1817-இல் தொடங்கிய அடக்கத்தலமோ, வெடிமருந்து ஆலைகள் இருந்த பிராண்டிவைன் கரைக்கு அருகிலேயே இருநூறு ஆண்டாகக் குடும்பத்துக்கு மட்டும் என்று நீள்கிறது.

ஜாம்ஷெட்பூருக்கு இந்த மூன்று வசதியும் இல்லை. கல்லறை இல்லாத ஊர் சிலைகளையும் பூங்காக்களையும் வைத்துக்கொண்டது. ஆலையின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1958-இல் நேரு திறந்துவைத்த ஜூபிலி பூங்கா மைசூர் பிருந்தாவனத்தைப் பார்த்து அமைத்தது. ஒவ்வொரு மார்ச் 3-ம் தேதியும், ஜாம்ஷெட்ஜியின் பிறந்தநாளில், ஊரே விளக்குப் போட்டுக்கொள்கிறது. இறந்த நாளைவிடப் பிறந்த நாள் அங்கே பெரிதானதில் எனக்கு வியப்பில்லை. சர் தோராப்ஜி டாடா பூங்காவில் ஜூபிலி வைரத்தின் மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே மெஹர்பாய் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை. புரூக்வுட்டின் நான்கு பேரில் மூன்று பேரை இப்படி ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ரத்தன்ஜியும் இன்னும் கொஞ்சம் கண்ணில் படலாம் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் இங்கே வைக்காமல் போக முடியாது. ஆலை எழுந்த சிங்பூம் பகுதி ஹோ, சந்தால், பூமிஜ் மக்களின் மண். ஹோ, முண்டா மக்களிடம் குலத்தின் முன்னோர் எலும்புகளைப் பெரிய கற்பலகைகளின் கீழ் வைக்கும் வழக்கம் உண்டு. சாசன்திரி என்பார்கள். இந்தக் கல் எங்கள் குலத்தினுடையது, ஆகவே இந்த ஊர் எங்களுடையது என்பதற்கு அந்தக் கல்லே பட்டா. குடும்பக் கல்லறையையும் நிலத்தின் மீதான உரிமையையும் இவ்வளவு நேரடியாகச் சேர்த்துவைத்த மக்களின் மண்ணில், தன் கல்லறையை ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் விட்ட ஒருவரின் பெயரில் நகரம் எழுந்தது. ஜாம்ஷெட்பூரின் நினைவிடங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தக் கற்களையும் சேர்த்தால்தான் பட்டியல் முழுமை.

அதே நிலத்தில் ஒரு கம்யூனிஸ்ட்

புரூக்வுட்டின் பார்சி நிலத்தில் ஜாம்ஷெட்ஜிக்கு அருகில் இன்னொருவரின் சாம்பல் இருக்கிறது. ஷாபூர்ஜி சக்லத்வாலா. ஜாம்ஷெட்ஜியின் தங்கை மகன். இளைஞனாக மாமாவின் எஃகுத் திட்டத்துக்காக இரும்பும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் தேடிக் காட்டில் அலைந்தவர். அந்த அலைச்சலில் மலேரியா பிடித்து உடம்பு கெட்டது. 1905-இல் இங்கிலாந்து போனார். அங்கே டாடா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொழிலாளர் அரசியலுக்குள் போய், 1922-இல் லண்டனின் பாட்டர்ஸி வடக்குத் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குத் தேர்வானார். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். முதலாளித்துவத்தையும் பேரரசையும் ஒரே மூச்சில் தாக்கிப் பேசியவர்.

அவர் இங்கிலாந்து போனபின் எழுந்த ஜாம்ஷெட்பூரும் அமைதியாக இருந்துவிடவில்லை. 1912-இலேயே எட்டு மணி நேர வேலை வந்தது உண்மை. 1920-இலும் 1922-இலும் 1928-இலும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்ததும் உண்மை. 1928-இல் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்க சுபாஷ் சந்திர போஸே வந்தார். மாமா கனவு கண்ட ஊரில் மருமகனின் அரசியல் நுழைந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த இரண்டு பக்கமும் ஒரே நிலத்தில் அருகருகே கிடக்கிற இடம் புரூக்வுட் ஒன்றுதான். ஜாம்ஷெட்பூரில்கூட அப்படி ஓர் இடம் கிடையாது. இந்த அடக்கத்தலத்தைப் பற்றிய எந்த அறிமுகக் குறிப்பிலும் சக்லத்வாலாவை விட்டுவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

புரூக்வுட் தோட்டம் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கைமாறிக் கைமாறி, பல பகுதிகள் புதர் மண்டிக் கிடந்தது. 2014 டிசம்பரில் வோக்கிங் நகர மன்றம் அதை வாங்கியது. 1861-இல் தொடங்கிய அந்தப் பழைய நிதியம் இன்று ஐரோப்பிய ஜொராஸ்ட்ரிய அறநிதியமாகத் தொடர்கிறது. ஜாம்ஷெட்ஜி வந்து சேர்ந்தபோது இல்லாத டாடா ஸ்டீல், 2007-இல் பிரிட்டிஷ் ஸ்டீலின் வழிவந்த கோரஸ் நிறுவனத்தையே வாங்கியது. அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது.

சக்லத்வாலா இறந்தது 1936 ஜனவரி 16 அன்று, லண்டனில். பார்சி வழக்கத்தை மீறி கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டி, சாம்பலைப் பெற்றோரின் பக்கத்தில், மாமா குடும்பத்தின் அருகில் கொண்டுவந்து வைத்தார்கள். அதே ஆண்டில் பம்பாயின் நாக்பாடாவில், தோராப்ஜி விட்டுச்சென்ற பணத்தில், சமூகப் பணிக்கான இந்தியாவின் முதல் உயர்கல்விப் பள்ளி தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.